பாதி பன்

பக்கத்துக் கட்டில் கணக்கு வாத்தியாரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் மனுஷன் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கு முதலில் ஆபரேஷன், அதற்கு மறுநாள் அவருக்கு. இருவருக்கும் ஒரே ஆள்தான் வந்து நெஞ்சு முடியை மழித்துவிட்டுப் போனான். பிளேடு புதுசா என்று நான் அவனிடம் சண்டை பிடித்தேன். வாத்தியாரோ கூச்சத்தில் நெளிந்து சிரித்தார்.

"தைரியமா இருங்க மெக்கானிக். ஒண்ணும் ஆகாது."

"அப்படிச் சொல்றவன நம்பவே கூடாது வாத்தியாரே. வண்டி கொண்டாறவங்ககிட்ட தினம் நானும் அதத்தான் சொல்றேன்."

நான் பிரேக் பார்ப்பவன். கழற்றி மாட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. பெரிய டாக்டர் வந்து, "தினமும் செய்யறதுதான், பயப்படாதீங்க" என்றபோது, "ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று இடத்தில் அடைப்பு, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னதும் அதே வாய்தான்.

ஆபரேஷன் அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மனைவி முகம் கழுவப் போனாள். அவள் தனக்கென்று வாங்கி வைத்திருந்த பன் ஸ்டூல் மேல் இருந்தது. எனக்குப் பசியே இல்லை, நாக்கு மரக்கட்டையாக வறண்டு கிடந்தது. ஆனாலும் பாதியைப் பிய்த்து வாயில் திணித்து, கண்ணில் நீர் வர விழுங்கினேன். சிஸ்டர் ஊசியோடு வந்ததும் நானே சொன்னேன்.

"சாப்ட்டுட்டேன்."

"என்னது?"

"பன்னு. நல்லா இருந்துச்சு."

வார்டே திரும்பிப் பார்த்தது. மயக்க மருந்து டாக்டர் ஓடி வந்து குதித்தார். "மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா யாருங்க பொறுப்பு? அறிவிருக்கா உங்களுக்கு?"

"இருக்கப்போயித்தான் சாப்ட்டேன்" என்றேன்.

திரும்பி வந்த மனைவி பன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பயமா இருந்தா என் கையப் புடிச்சிட்டு அழுதிருக்கலாம்ல? என் பன்ன திருடித் தின்னுருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"யாருக்குடி பயம்?" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்து மானத்தை வாங்கியது.

டாக்டர் என்னை விட்டுவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார். "சார், காலைல ஏதாவது சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்லியே."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு உங்களையே எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சருக்கு ஆள் அனுப்பப் போனார்.

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. திடீரென்று என் மேல் பாய்ந்தார்.

"பாவி! உன்ன நம்பித்தான்யா நான் தைரியமா இருந்தேன். இவன் போயிட்டு வரட்டும், இவன் பொழச்சா நாமளும் பொழச்சுக்குவோம்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். என்ன முன்னாடி தள்ளி விட்டுட்டியே!"

அடப்பாவி மனுஷா, அந்தச் சிரிப்பெல்லாம் இதுக்குத்தானா! என்னை ஓட்டிப் பார்க்க விட்டுவிட்டுப் பின்னால் வர நினைத்திருக்கிறார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை ஸ்டூலில் இருந்த மீதிப் பன்னை எடுத்துவிட்டது. கை நடுங்கிய நடுக்கத்தில் அது வாய்க்குப் போகாமல் மூக்கில் இடித்தது.

ஓங்கித் தட்டிவிட்டேன். பன் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"நீ மட்டும் திங்கலாமா?" என்று அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"நான் கோழை, தின்னேன். நீ ஊருக்கே தைரியம் சொன்ன ஆளாச்சே! போய்யா! போயிட்டு உசுரோட வந்து சேரு!"

"ஐயோ, விடுங்க! ரெண்டு பேருக்கும் இங்கயே நெஞ்சு நின்னுடப் போவுது!" என்று மனைவி நடுவில் புகுந்து பிரித்துவிட்டாள்.

ஏன் தட்டிவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை. என் பயம் இன்னொருத்தன் கையில் நடுங்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் அவர் என்னை முறைத்துக்கொண்டேதான் போனார். அன்று முழுக்க அவருடைய காலிக் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும் போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிழைத்து வந்து என்னைத் திட்டட்டும், அது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை சிஸ்டர் வந்தாள். "வாத்தியார் நல்லா இருக்காரு. வாயிலேர்ந்து குழாய எடுத்ததும் மொத வார்த்தையே உங்களப் பத்தித்தான்."

"என்ன சொன்னாரு?"

"'அந்த மெக்கானிக் பக்கத்துல பன்ன வைக்காதீங்க'ன்னு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்குக் காலைல உங்களுக்கு. இன்னொரு தடவ வம்பு பண்ணினீங்கன்னா கையக் கட்டிப் போட்டுடுவேன்" என்று மிரட்டிவிட்டு சிஸ்டர் போனாள்.

ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, வண்டி திரும்பியும் வந்துவிட்டது. இனி எந்தச் சாக்கும் இல்லை. கையை நீட்டினேன்.

"பயமா இருக்குடி."

"இத நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்று சீறிக்கொண்டே, வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்தாள்.