பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீடு

அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமா என்று 1969இல் மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது வீட்டையும் கேட்பானேன்? ஏரிப் பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டாம் வீட்டில் தொடங்கி, நான்கு வீட்டுக்கு ஒரு வீடாகப் பத்து வீட்டில் கேட்டால் போதும் என்றார்கள். வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் கேட்க வேண்டும். அது விதி.

கேட்கப் போனவர் அதே தெருவில் குடியிருந்த ஜெபசீலன். இருபத்தாறாம் வீட்டில் பூட்டுத் தொங்கியது. அது அவருடைய வீடுதான். மனைவி ரத்தினபாய் குடத்தோடு கழனிக் கிணற்றுக்குப் போயிருந்தாள். பத்து மணிக்கு மேல்தான் அங்கே பம்ப்செட் ஓடும். மாற்றுச் சாவி ஜெபசீலனின் சட்டைப் பையில் இருந்தது. இருந்தாலும் தாளில் "பூட்டு" என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டுச் சம்பந்தத்திடம் போனார். சம்பந்தம் கழனியை மனை போட்டு விற்றவர். சொந்தக் கிணறு உண்டு.

"இன்னா சார், உன் வூட்டு நெலமை எனக்கே தெரியுமே, சொல்லட்டா?"

"உங்க வீட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"எனக்கின்னா கொறை? கெணறு தளும்பிக்கினு கீது. எழுதிக்கோ."

பத்தில் ஏழு வீடு பூட்டு. திறந்திருந்தவை எல்லாம் கிணற்று வீடுகள். தெருவில் தண்ணீர்க் குறையே இல்லை என்று அறிக்கை போயிற்று.

"ஏங்க, தண்ணிக்குப் போனவளை விட்டுட்டு, தண்ணி வச்சிருக்கிறவர்கிட்டப் போய் தண்ணி இருக்கான்னு கேட்டீங்களா?"

"சாம்பிள் அப்படி விழுந்துடுச்சு, ரத்தினம்."

"விழுந்தது சாம்பிள் இல்ல, என் இடுப்பு."

அந்த வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை. மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டார். மேலதிகாரி சுப்ரமணியனே நேரில் வந்தார். அன்று ரத்தினபாய் ஏழு வீட்டுப் பெண்களையும் கிணற்றுக்குப் போகவிடாமல் வீட்டில் உட்கார வைத்திருந்தாள்.

வெயிலில் வந்தவர், "முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடும்மா" என்றார்.

"இல்லையே சார். தண்ணிக்குப் போனா வீடு பூட்டியிருக்கும். வீடு திறந்திருந்தா தண்ணி இருக்காது."

அவர் சம்பந்தம் வீட்டில் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

சுப்ரமணியன் நியாயஸ்தர். இரண்டு அறிக்கையில் எதையும் தள்ள மனம் வரவில்லை. முதலில் தண்ணீர் இல்லாத வீடு பூஜ்யம், பிறகு ஏழு, சராசரி மூன்றரை. பத்துக்கு மூன்றரை என்றால் நாற்பதுக்குப் பதினான்கு. தெருவின் மறுகோடியில் மெயின் ரோட்டிலிருந்து தோண்டி வந்தவர்கள் பதினான்கு வீட்டை எண்ணி, வழியிலிருந்த கிணற்று வீடுகளைக் கடந்து, சம்பந்தம் வாசலில் குழாயை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா இது? நீயே வந்து புட்ச்சிக்கோ" என்றார் சம்பந்தம்.

பக்கத்து வாசல்தானே, ரத்தினபாய் அதற்குப் பிறகு கதவைப் பூட்டவில்லை. ஜெபசீலன் மட்டும் சாவியைப் பையிலேயே வைத்திருந்தார். அவர் காலமான பின், சட்டைகளை மடிக்கும்போது அது கிடைத்தது. பூட்டு எங்கே போனதென்று அவளுக்கு நினைவில்லை.