செட்டை வைத்த கார்

இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் நிற்கும் அந்தக் கல்யாணப் பேச்சை இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான், 2009 ஆவணி ஞாயிறு ஒன்றில், லண்டன் ஹவுன்ஸ்லோவில் நகுலேஸ்வரியின் வீட்டு வாசலில் தேவராசா காரை நிறுத்தி இறங்கினார். ஐம்பத்தேழாம் ஆண்டு ப்ளிமத். கார்களுக்குத் தகரம் தட்டிப் பெயின்ற் அடித்தே பிழைத்த மனிதர், ஓய்வு நேரத்தையெல்லாம் இதற்கே கொட்டியிருந்தார். அவர் மனைவி இறந்து ஒன்பது வருடம். நகுலேஸ்வரியின் கணவர் போனது அதற்கும் முன்னால். இருவரும் கோயில் அன்னதானத்துக்குச் சேர்ந்து காய் வெட்டிப் பழகியவர்கள்.

"உதென்ன, வாலிலை ரெண்டு செட்டை? பறக்குமோ?" என்று கேட்டபடி, வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். எதிரே ஸ்டியரிங்!

"ஐயோ, இது அமெரிக்கன் கார். அங்காலை தள்ளி இருங்கோ."

முன் சீட் பெஞ்சுபோல ஒரே நீளம். நடுவில் கியர்த் தடி கிடையாது. கைப்பையோடு வலப்பக்கம் நகர்ந்துகொண்டாள்.

கார் புறப்பட்டதும் மனிதருக்குக் கேட்கப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் காரைப் பற்றிப் பொழிந்து தள்ளினார். "கதவுக் கண்ணாடியளை இறக்கினா நடுவிலை தூண் இல்லை, பாருங்கோ. கியருக்கும் வெறும் பட்டன்தான். அமத்தினாச் சரி. கார் ஓடத் தெரியாத ஆளும் கெதியிலை பழகலாம். அந்தக் காலத்திலை ஆர் உப்பிடி யோசிச்சவை?"

மூடிக்கிடந்த கடையொன்றின் வெறும் கார் பார்க்கில் நிறுத்தினார். அப்போதும் வாயில் வந்தது குரோமியத்தைப் பற்றித்தான், பாவம்.

"இஞ்சை பாருங்கோ," என்றாள் நகுலேஸ்வரி. "நான் எவ்வளவு நேரமா உங்கடை வலப்பக்கம் இருக்கிறன்?"

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மணவறையிலை தாலி கட்டுமட்டும்தானே பொம்பிளை வலப்பக்கம். பிறகு இடப்பக்கம் மாத்தி இருத்துறவையெல்லோ?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாகத் தான் முழுங்கியதை அவள் ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டாளே! சந்தோஷத்தில் உளறினார். "ஓம்... ஆனா இதிலை இடப்பக்கம் ஸ்டியரிங்கெல்லோ இருக்கு?"

"அப்ப எனக்குக் கார் ஓடப் பழக்குங்கோ."

அவர் இறங்கி, செட்டைகளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கக் கதவுக்கு வருவதற்குள், அவள் நகர்ந்து அவருடைய இடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"சொல்லுங்கோப்பா," என்றாள், புருஷனைக் கூப்பிடுவதுபோல. "எந்தப் பட்டன்?"