சலவைக்கூடத்தில் நாற்பது நிமிடம்

சுற்றிப் பார்க்க வந்த ஊரில் மூன்றாவது நாளும் மழை விட்டபாடில்லை. விடுதி அறையில் ஈரத்துணி குவிந்து கிடந்தது. அவனுடைய சகலை போர்வையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "நான் அறைக்குக் காவல் இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

எதிரே இருந்த சலவைக்கூடத்துக்கு மூன்று பேர் போனார்கள். அவன், அவனுடைய ஐந்து வயது மகள், இறந்துபோன மனைவியின் அக்கா. அவரை அவன் அண்ணி என்றுதான் கூப்பிடுவான்.

துணியை மெஷினில் போட்டார்கள். நாற்பது நிமிடம் என்று காட்டியது. பெஞ்சில் உட்கார்ந்ததுமே அண்ணி பேச்சை எடுத்தார். சுற்றிவளைத்துப் பேச அவருக்கு வராது.

"நேத்து கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல தம்பி. குட்டியை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல இடம் சொல்லி வச்சாச்சு. அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் எங்ககூட இருக்கட்டும். நீங்களும் கொஞ்சம் மூச்சு விடலாம்."

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மனைவி போன இந்த எட்டு மாதமாக அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றே சொல்லிவந்தான். அலுவலகத்தில் வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தபோது சரி. மகள் இரவுச் சாப்பாட்டுக்கு பிஸ்கெட் போதும் என்றபோது சரி. மறுத்துப் பேச ஒரு தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை.

இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அப்பா, நான் இதுக்குள்ள ஏறட்டுமா?"

"சரி" என்றான், சுழலும் துணியைப் பார்த்தபடி.

குட்டி சற்று நேரம் அவனையே பார்த்தாள். பிறகு மூலையில் காலியாக இருந்த மெஷினுக்குள் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். கதவை உள்ளே இழுத்தாள். கீல் கிறீச்சிட்டது.

எப்படி எழுந்தான், எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. அவளை அள்ளி வெளியே எடுத்தான்.

"வேண்டாம். அதுக்குள்ள போகவே கூடாது."

காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீதானே சரின்ன?"

"காதுல வாங்காம சொல்லிட்டேன். தப்புதான்."

"காலையில ஷாம்பூ குடிக்கட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் சரின்ன."

"குடிச்சியா?"

"எனக்கென்ன பைத்தியமா? எதுக்காவது வேண்டாம்னு சொல்றியான்னு பாத்தேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "பாத்தீங்களா தம்பி? இதுக்குத்தான் கேக்குறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவன் குட்டியை மடியில் இருத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"வேண்டாம் அண்ணி. என்கிட்டயே இருக்கட்டும்."

"முடியுமா உங்களால?"

"தெரியல. ஆனா இவளைக் குடுக்க முடியாது."

மெஷின் நின்றதும் அண்ணி துணியை உலர்த்தியில் அள்ளிப் போட்டார். ஒரு துண்டால் மூக்கைத் துடைத்து, அதையும் உள்ளே எறிந்தார்.

"மாசம் ஒரு தடவை வருவேன். சொல்லாம வருவேன். அடுப்படியை அலசிப் பாப்பேன்."

"வாங்க."

"ராத்திரிக்கு பிஸ்கெட்டுன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

"அப்போ முறுக்கு" என்றாள் குட்டி.

"முறுக்கும் கிடையாது" என்றான் அவன்.

அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு, கிடைத்தது வாய்ப்பு என்று பேரம் பேச ஆரம்பித்தாள். துணி காய்ந்து, மடித்து, மழையில் தெருவைக் கடக்கும்வரை விடவில்லை. அவன் குடையைப் பிடித்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான்.