வருகிறேன், வாரேன்

மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் அழகுபாண்டி அவள் காதருகே குனிந்து, "கூட்டம் முடியட்டும் சுபா. இன்னைக்கு வீட்ல சொல்லிர்றேன்" என்றான். சுபலட்சுமிக்கு அது போதுமாயிருந்தது. திருநகர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டை வறள இங்கிலீஷ் நடத்திக்கொண்டு, வந்த வரன்களுக்கெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்து, அவள் காத்திருந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். காளவாசலில் ஒரு இரும்புக்கடை மாடியில் நடக்கும் வாசகர் வட்டத்துக்கு அவன் செயலாளர். முன்வரிசையில் அவன் மனைவி அஸ்வினி மடியில் ஹேண்ட்பேக்கோடு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்கு அவள் வருவது இதுவே முதல் தடவை. அவன் நிஜமாகவே சொல்லப்போகிறான் என்பதற்கு அதையும் ஒரு அடையாளமாகத்தான் சுபலட்சுமி எடுத்துக்கொண்டாள்.

பேச ஆரம்பித்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில், அரண்மனைப் பணிவிடையில் இருந்த ஒரு பெண். சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. இன்னார் மகள் என்றுதான் எழுதிவைத்திருக்கிறார்கள். அவளிடம் வந்துபோன பிரபுவுக்கு வேறொரு வீட்டில் மனைவி உண்டு. இருட்டியபின் வருவான், விடியுமுன் போய்விடுவான். போனவன் அன்று காலையே ஒரு கவிதை அனுப்ப வேண்டும், அது அங்கத்து மரியாதை. வர நேரமானால் தோழிமார் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். வராவிட்டால் அத்தோடு முடிந்தது என்று பொருள். இவளுக்கு ஒரு காலையில் வரவில்லை. அதற்குப் பிறகும் இவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

இங்கிலீஷிலிருந்து தான் தமிழாக்கியதில் ஒன்றை வாசித்தாள்.

"வருகிறேன் என்று சொல்லிப் போனவனே,
பாயில் உன் பக்கம் இன்னும் ஆறவில்லை;
அதற்குள் ஊருக்கெல்லாம் விடிந்துவிட்டது."

கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில், ரிட்டயர்டு தாசில்தார் மொக்கையன் முதலில் எழுந்து, "அந்தம்மாவுக்குப் பென்ஷன் கின்ஷன் கெடச்சுச்சாம்மா?" என்று கேட்டுச் சிரிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து அஸ்வினி எழுந்தாள்.

"நான் இம்புட்டெல்லாம் படிச்சவ இல்ல டீச்சர். அதுல 'வாரேன்'னுதான இருந்துச்சு? 'வருகிறேன்'னு மாத்திட்டீங்களே."

சுபலட்சுமி கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். மேடைக்கு நல்ல தமிழ் வேண்டுமே என்று நேற்றுத்தான் அந்தச் சொல்லை மாற்றியிருந்தாள். 'வாரேன்' என்று இருந்தது, விடிகாலையில் ஒரே ஒரு ஆளுக்குப் போனில் அனுப்பியதில் மட்டும்.

"வாரேன்னே இருந்திருக்கலாம்" என்றாள் அஸ்வினி, ஏதோ ரவிக்கைத் துணிக்கு நிறம் சொல்லுகிறவள் மாதிரி. "நம்ம ஊர்ல கெளம்பிப் போறவுகதான வாரேம்பாக. போறேன்னு சொன்னா நல்லாருக்காதுன்னு, வாய்வார்த்தைக்குச் சொல்றது. அந்தப் பொண்ணு பாவம், வெவரம் பத்தாம நெசமாவே வாரான்னு எடுத்துக்கிருச்சு போல."

மாடியே சிரித்தது. "நல்ல பாயிண்ட்டும்மா" என்றார் மொக்கையன். சுபலட்சுமி அழகுபாண்டியைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டவன் சிரிப்பாக இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை சிரித்து முடித்த வேடிக்கைக்கு மறுபடியும் சிரிக்கிறவனின் சிரிப்பு அது. புதிதாகச் சொல்ல அவனுக்கு ஒன்றும் பாக்கி இல்லை.

பேச்சாளர் பெண்ணாக இருந்தால் பொன்னாடையைப் பெண்தான் போர்த்த வேண்டும், வட்டத்தின் வழக்கம் அது. அழகுபாண்டி மைக்கைப் பிடித்து, "டீச்சருக்குப் பொன்னாடை போர்த்த என் துணைவியாரை அழைக்கிறேன்" என்றான்.

அஸ்வினி வந்தாள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துச் சால்வையை உதறி, சுபலட்சுமியின் தோளைச் சுற்றி இழுத்துவிட்டபடி தணிந்த குரலில் சொன்னாள்: "காலைல டீ குடிக்கையில அவுகதான் சத்தமா வாசிப்பாக டீச்சர். எங்களுக்கும் பொழுது போவுது. ஒண்ணே ஒண்ணு, கொஞ்சம் லேட்டா அனுப்புங்க. போன் சத்தத்துல பிள்ளை முழிச்சிக்கிருது."

"அண்ணே, நீங்களும் அண்ணியும் டீச்சருக்கு ரெண்டு பக்கமும் வாங்க" என்றான் ஸ்டுடியோக்காரன் கருத்தக்கண்ணன். "டீச்சர், தலையத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

சரிகை கழுத்தை அரித்தது. அழகுபாண்டி நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நின்று, சட்டைக் காலரைத் தடவிக்கொண்டான். சுபலட்சுமியின் ஈரக்கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை அஸ்வினி ஒரு விரலால் எடுத்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தங்கச்சியைக் கூட்டிப்போகிற அக்காவைப் போல, காதுக்குப் பின்னால் பதமாக ஒதுக்கிவிட்டாள்.