ஸுபைதாவுக்கு அரைத்த தூள்

மழை தூறத் தொடங்கியதும் ஸுபைதா பாயின் மூலைகளைப் பிடித்து இழுத்துக் கொத்தமல்லியை நடுவில் குவித்தாள். பின்முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு அப்பால் இறந்துபோன அவளுடைய அண்ணன் ஸக்கரியா நானாவின் மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் கிண்ணம் தட்டுப்படும் சத்தமும் லெப்பை மெதுவாக ஓதுவதும் கேட்டன.

மையத்து வீட்டில் கொத்தமல்லியை யார் நினைப்பார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அதைக் காயப்போட்டவர் நானாதான். ஸுபஹு தொழுதுவிட்டு வந்து, சாக்கை அவிழ்த்துக் கொட்டி, கையால் பரப்பிவிட்டு, பிளேன்டி குடிக்க வாசல் கதிரையில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. நனைந்த கொத்தமல்லியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை அவர் ஒருநாளும் தன் தூள் மில்லில் போட்டதில்லை. இன்றைக்கு மட்டும் போடலாம் என்று விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

சாக்கைக் கட்டி மில்லுக்குள் இழுத்துக்கொண்டு போனபோது ஸக்கரியாவின் மகன் ஷிஹாம் ஓடிவந்து ஒரு பக்கத்தைப் பிடித்தான். கண் சிவந்திருந்தது.

"மாமி, சாச்சா வந்து ஈக்கார்" என்றான். "ரோட்டுக்கு அங்கால மரத்துக்குக் கீழ நிக்கிறார். உள்ளுக்கு வரல்ல."

"நீ போய்க் கூப்பிட்டியா?"

"உம்மா என்ன சொல்லுவாவோ தெரியா. நீங்க கேளுங்க மாமி."

பூனைக்கு மணி கட்டுகிற வேலை அந்த வீட்டில் எப்போதும் ஸுபைதாவுக்குத்தான். மூத்தவர் ஸக்கரியா, இளையவன் ஷிஹாமின் சாச்சா நுஹ்மான், நடுவில் அவள். புருஷன் மவுத்தான பிறகு ரயில் பாதை ஓரத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. இரண்டு சகோதரர்களுக்கும் நடுவே போய்வர உக்குவளையில் அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை.

அந்தத் தூள் மில் வாப்பா வைத்தது. அவருக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். மிளகாய் மில்காரன் மகனுக்கு உறைப்பு ஆகாது என்றால் யாராவது நம்புவார்களா? நுஹ்மான் அப்படித்தான். இறைச்சித் துண்டைத் தண்ணீரில் அலசித்தான் உம்மா அவனுடைய பீங்கானில் வைப்பார். தெருப் பிள்ளைகள் அதைச் சொல்லியே அவனை அழவைத்தார்கள். ஸுபைதா அதற்கு நேர்மாறு. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு தின்கிறவள், இந்த வயதிலும்.

நாக்குக்கு உறைப்பு ஆகாவிட்டாலும் நுஹ்மானுக்கு வியாபாரம் ஆகும். கடைக்காரர்கள் விலை குறைந்த தூளைத்தான் கேட்கிறார்கள் என்று கண்டுகொண்டான். மிளகாயோடு அரிசி மாவும், மாவை மறைக்கக் கொஞ்சம் சாயமும் சேர்த்தான். ஒருநாள் இரவு மூட்டை அவிழ்ந்து ஸக்கரியாவின் விரலில் சிவப்பு ஒட்டியது. சோப்புப் போட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் தெருவே பார்க்க அந்த மூட்டைகளைத் தூக்கி மில்லுக்குப் பின்னால் ஓடுகிற கழிவுநீர்க் கானுக்குள் கொட்டினார்.

"சனம் வாங்குறதத்தான் நானா நான் விக்கிறேன்" என்று நுஹ்மான் கத்தினான். "முழு மிளகாய அரைச்சு அந்த விலைக்குக் குடுக்க ஏலுமா? ஊருல எல்லாரும் செய்றதுதானே!"

ஸக்கரியா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விக்கிறத நீ திம்பியாடா?"

நுஹ்மான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். அன்றைக்குப் போனவன்தான். மனைவி றுஸைனாவோடு மாத்தளைக்குப் போய்ச் சொந்தமாக மில் போட்டான். பளபளக்கும் பாக்கெட்டில் அடைத்த அவனுடைய தூள் இப்போது கடை கடையாகத் தொங்குகிறது. நல்லது கெட்டது எதற்கும் அண்ணன் வாசலை மிதித்ததில்லை. அண்ணனும் அவனைத் தேடவில்லை.

ஸுபைதா சாக்கைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். அண்ணி ஹமீமா வெள்ளைச் சேலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் தஸ்பீஹ் மணி உருண்டுகொண்டிருந்தது. கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை இனி அந்த அறையும் திரையும்தான் அவளுக்கு. மையத்து வீடு என்பதால் குசினியில் அடுப்பு மூட்டவில்லை. காலையிலிருந்து பக்கத்து வீட்டார் கொண்டுவந்த தேத்தண்ணியும் பாணும் தொடாமல் இருந்தன.

"மதினி, நுஹ்மான் வந்து ஈக்கான்."

"கூடப் பொறந்தவர்ட முகத்தப் பார்க்க வந்திருப்பார். பார்த்துட்டுப் போகட்டும்" என்றாள் ஹமீமா. "தோள் குடுக்கவும் வேணாமெண்டு சொல்லமாட்டேன். அது அவர்ட உரிமை."

"அடக்கிட்டு வந்த பொறகு சாப்பாடு அவங்கட வீட்டுல இருந்துதான் வருது. றுஸைனா போன்ல சொன்னா. காலையிலேயே ஆக்கத் தொடங்கிட்டாளாம்."

தஸ்பீஹ் நின்றது.

"அது மட்டும் வேணாம் ஸுபைதா."

"மதினி..."

"அவங்கட தூள்ல ஆக்கின கறியை அவர் சாகுமட்டும் வாய்க்குள்ள வைக்கல்ல. இண்டைக்கு அவர் மவுத்தான நாள். இந்த வீட்டுக்குள்ள அந்தக் கறி வரக் கூடாது. நீ சொல்ல ஏலாட்டி ஷிஹாமை விட்டுச் சொல்றேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் ஸுபைதாவைப் பயமுறுத்தியது. கோபக்காரியைச் சமாதானப்படுத்தலாம், முடிவெடுத்தவளை என்ன செய்வது? மையத்து வீட்டுக்குக் கொண்டுவந்த சோற்றைத் திருப்பி அனுப்பினால் பிறகு ஒருகாலத்திலும் இந்தக் குடும்பம் சேராது. ஷிஹாமின் பிள்ளைகளும் நுஹ்மானின் பிள்ளைகளும் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அதைத் தடுக்க அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

பிரிந்துபோன கொஞ்ச நாளில் நுஹ்மான் ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்தான். உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"ராத்தா, நானாட தூள் கொஞ்சம் வாங்கித் தாறீங்களா? புள்ளைகளுக்கு வேற தூள்ல சோறு எறங்குதில்ல."

"உன்ட மில்லுல இல்லாத தூளாடா?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "எனக்கெண்டு நானாக்குத் தெரியப்படாது ராத்தா. தெரிஞ்சா அண்டைக்கு அவர் கேட்டதுக்கு நானே பதில் சொன்ன மாதிரி ஆயிரும்."

அன்றிலிருந்து மாதாமாதம் ஸுபைதா அண்ணனிடம் போய்த் தனக்குக் கறித்தூள் கேட்பாள். ஒற்றைப் பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பொலித்தீன் சிலிசிலி பையில் போட்டு, வாயை நூலால் கட்டி நீட்டுவார். அவள் தனக்கு ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பஸ்ஸில் மாத்தளைக்குக் கொண்டுபோய் றுஸைனாவின் கையில் கொடுப்பாள். ஒரே ஒரு தரம், "நானா, உங்கட தூள்ல இப்ப உறைப்பே இல்ல" என்று முறையிட்டிருக்கிறாள். அவர் சிரித்தார். "வயசு போன காலத்துல உனக்கு என்னத்துக்கு உறைப்பு?" என்றார். நானாவுக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்து அவள் வீட்டில் தனியாக மிளகாய்த்தூள் சேர்த்துக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்து வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். ஸுபைதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒழுங்கை முனையில் தோள் மாறியபோது முன்பக்கத்தில் நுஹ்மான் வந்து சேர்ந்தான். தொப்பி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவன் தோளை மாற்றவேயில்லை. பள்ளிவாசல் திருப்பம் வரை அவள் கண்ணில் பட்டான். பிறகு குடைகள்தான் தெரிந்தன.

அடக்கிவிட்டுத் திரும்பிய ஆண்கள் ஸலாம் சொல்லி ஒவ்வொருவராகக் கலைந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நுஹ்மான் இறங்கினான். பெரிய சட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி கேட்டுக்கு வெளியே நின்றான். ஷிஹாம் கேட்டுக்கு உள்ளே நின்றான். மழை மட்டும் சட்டி மூடியில் விழுந்துகொண்டிருந்தது.

ஸுபைதா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"மதினி, நான் ஒண்டு சொல்லணும். கேட்டுட்டு ஏசுங்க."

ஹமீமா நிமிர்ந்தாள்.

"அந்தக் கறி நுஹ்மான்ட தூள்ல ஆக்கினதில்ல. அவன்ட வீட்டுல அவன்ட தூளைப் பாவிக்கிறதே இல்ல. நான் மாசாமாசம் நானாட்ட வாங்கிட்டுப் போறது அவங்களுக்குத்தான். பிரிஞ்ச காலத்துல இருந்து அவங்க திங்கிறது இந்த வீட்டுத் தூள். அல்லாட மேல ஆணை, சொல்லமாட்டேண்டு அவனுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். இண்டைக்கு மீறிட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். ஹமீமா தஸ்பீஹை மடியில் வைத்தாள். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டாள்.

"ஸுபைதா, உனக்கு வயித்துல புண் ஈக்கா?"

"எனக்கா? இல்லையே. ஆர் சொன்ன?"

"அவர்தான் சொன்னாரு. உன்ட தூளை மட்டும் தனியாத்தான் வறுப்பார். சட்டியைக் கழுவித் தொடச்சு, மிளகாயை அரைவாசிக்கும் கொறைச்சு. அரைக்க முந்தி மில்லுல ஒரு பிடி அரிசி போட்டு ஓடவிட்டு மிளகாய்த் தூசு தட்டுவார். எனக்கு எரிச்சலா வரும். ஊருக்கெல்லாம் அரைக்கிற தூள் உங்கட தங்கச்சிக்கு ஆகாதோ எண்டு கேட்டேன். அவளுக்கு வயித்துல புண், உறைப்புத் தாங்கமாட்டா எண்டாரு."

அறையில் சாம்பிராணி வாசம் நிறைந்திருந்தது. ஸுபைதா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உறைப்புத் தாங்காதவன் அந்தக் குடும்பத்தில் நுஹ்மான் ஒருவன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டதாக அல்லவா இத்தனை காலமும் அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்! காலையில் கதிரையில் சரிந்திருந்தவரைக் கண்டபோது வராத அழுகை இப்போது வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஹமீமா அவளுடைய முதுகில் கை வைத்தாள். அவளும் அழுதாள்.

கொஞ்ச நேரம் போய் ஹமீமா மூக்கைத் துடைத்தாள்.

"ஷிஹாம்ட்டச் சொல்லு, சாச்சாவை உள்ளுக்கு எடுக்கச் சொல்லி. எவ்வளவு நேரமா மழையில நிக்கிறார்."

ஸுபைதா எழுந்தாள்.

"இன்னொண்டு. மில் கதவுக்குப் பின்னால ஆணியில உன்ட பை தொங்குது. நேத்துத்தான் அரைச்சாரு. எடுத்துக் குடுத்துடு."

மில்லுக்குள் வெளிச்சம் குறைவு. கொத்தமல்லிச் சாக்கு சுவரோரம் சாய்ந்திருந்தது. கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பை அங்கேதான் இருந்தது. வாயை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, அவிழ்க்க லேசாக ஒரு சுருக்கு விட்டிருந்தார். அவருடைய முடிச்சு எப்போதும் அப்படித்தான்.

விறாந்தையில் பாய் விரித்து ஷிஹாமும் நுஹ்மானும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸுபைதா பையைக் கொண்டுபோய் நுஹ்மானின் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன ராத்தா இது?"

"நானா நேத்து அரைச்சு வச்சது. உனக்கு."

"எனக்கெண்டா..." அவன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "நானாக்குத் தெரியுமா?"

"உறைப்பக் கொறைச்சுத்தான் அரைச்சிருக்காரு" என்றாள் ஸுபைதா. "எப்பவும் அப்பிடித்தானாம்."

அவன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். முடிச்சைத் தொட்டுப் பார்த்தான், அவிழ்க்கவில்லை.

ஸுபைதா உள்ளே வந்து ஹமீமாவுக்குச் சோறு போட்டாள். இறைச்சியும் பருப்பும் வைத்தாள். ஹமீமா ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்து மெதுவாக மென்றாள். காலையிலிருந்து அந்த வாய்க்குள் போன முதல் சோறு அதுதான்.

"கறியில உறைப்பே இல்ல" என்றாள்.

"ம்" என்றாள் ஸுபைதா.

இருவரும் சாப்பிட்டார்கள். திரைக்கு அப்பால், நாக்கெரியத் தின்றவனைப் போல, நுஹ்மான் விட்டு விட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.