மேலே ஏறிய சிவப்பு

உருக்காலையின் கண்ணாடி அறையில் குளிர்காற்று கண்ணைச் சொருக வைத்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே உருகிய எஃகு செப்பு அச்சுக்குள் விழுந்து, தோல் கட்டி, பாளமாக மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அச்சின் சுவருக்குள் மேலிருந்து கீழாகத் தலைமுடி அளவுக் கண்ணாடி இழை ஒன்று ஓடுகிறது. அதில் போய்வரும் ஒளி, விரற்கடைக்கு விரற்கடை எவ்வளவு சூடு என்று சொல்லிவிடும். அந்தச் சூடுதான் திரையில் பச்சையும் மஞ்சளுமாக நீந்தும். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, பார்த்தால் சொக்கிப்போவீர்கள்!

அச்சுக்கு நேர் கீழ்த்தளத்தில் அவளுடைய அண்ணன் நின்று, பாளத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

திரையின் அடியில் ஒரு சிவப்பு பூத்தது. அவசரமே இல்லாமல் மேலே மிதந்து வந்தது. அவளும் கூடவே மிதந்தாள்.

“என்னம்மா அது செவப்பா?” என்றார், பாளம் இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன்.

“அது பாட்டுக்கு மேல போகுது சார்.”

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சுக்குள் எதுவும் மேலே ஏறாது. எஃகு இறங்கும், அதன் தோலில் விழுந்து, திரையில் சிவப்பாகத் தெரியும் கிழிசலும் கூடவே இறங்கும். காலையில் அச்சை மாற்றியபோது இழையை மாட்டியது அவள்தான். இரண்டு முனையும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். தலைகீழாக மாட்டியிருக்கிறாள், பாவி! சூடான மேல்பக்கம் காலையிலிருந்தே திரையின் அடியில் தெரிந்தும் உறைக்கவில்லை. சிவப்பு உச்சியைத் தொட்டால் கிழிசல் அச்சைவிட்டு வெளியே வந்துவிடும். எஃகு அண்ணன் தலையில் கொட்டும்.

“சார், வேகத்தைக் கொறைங்க! முனையை மாத்தி மாட்டிட்டேன், என் தப்பு. அது கீழதான் போகுது!”

ஃபோர்மேன் மறுபேச்சுப் பேசாமல் கைப்பிடியை இழுத்தார். வேகம் குறைந்தால் கிழிசல் மறுபடி தோல் கட்ட நேரம் கிடைக்கும். உச்சிக்கு நாலு விரற்கடை இருக்கும்போது சிவப்பு தயங்கியது. அவள் வேண்டாத தெய்வமில்லை. மஞ்சளாகி, பச்சைக்குள் கரைந்தது.

கீழ்த்தளத்திலிருந்து போன் அடித்தது. அண்ணன்தான்.

“யாரு அங்க, தூங்கிட்டீங்களா? நல்லா ஓடிட்டிருந்த மெஷின் நகரவே மாட்டேங்குது!”

“நான்தாண்ணே.”

“நீயா? அப்போ சரி. மேல நீ இருந்தா நான் கவலையே இல்லாம இங்க நிப்பேன்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணே, கொஞ்சம் மேல வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”