கரண்ட் வைத்த இடம்

"கோடு போகவே மாட்டேங்குதேடி" என்று மீனாக்ஷி அத்தை அம்மாவின் அடிவயிற்றில் மஞ்சளை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மதுமதி அவள் கையைப் பிடித்தாள். "விடுங்கத்த. அழிஞ்சா மறுபடி படுக்க வச்சு அளப்பாங்கன்னு அம்மா அங்க சோப்பே போடல."

லோதி ரோடு குவார்ட்டர்ஸின் பின்பால்கனியை வேட்டி கட்டி மறைத்திருந்தார்கள். அம்மாவின் வயிற்றில் ஆபரேஷன் தழும்பு. அதன் இருபுறமும், கரண்ட் என்று எல்லோரும் சொல்லும் கதிர்வீச்சுக்காக வரைந்த ஊதாக் கோடுகள். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் நோய் விடவில்லை; நேற்று ராத்திரி உயிர் போய்விட்டது. சிகிச்சை நாட்களில் காலையில் கரண்ட் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்தே பஸ் பிடித்து ஆபீஸ் போனவள் அம்மா லீலாவதி. தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் ஓடுங்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் உரக்கச் சொன்னவள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் அது அல்சர். அப்பாவின் ஏற்பாடு.

"வயித்துப்புண்ணுன்னே இருக்கட்டும்" என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "அனிருத்தோட அம்மா கூடத்துலதான் இருக்காங்க. பெத்தவளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு நெனச்சுட்டா, உனக்குப் பேசி வச்ச கல்யாணம் நின்னுரும். அதான் நாம ரெண்டு பேரே குளிப்பாட்டிருவோம்னேன்."

கூடத்தில் ஒரு புதுக்குரல் லீலா அக்கா எங்கே என்று இந்தியில் கேட்டது. "லீலா தீதி கஹா ஹை?"

"ஆப் கௌன்?" என்று யாரெனக் கேட்டார் அப்பா.

மதுமதி எட்டிப் பார்த்தாள். முக்காடு போட்ட ராஜ்பாலா மூச்சு வாங்க நின்றிருந்தாள். கதிர்வீச்சு மெஷினைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குக் கிளம்பியவளை, அம்மாதான் தன் ஆபீஸ் இந்தியில் உட்கார வைத்தாள்: "முதல்ல நான் போறேன். வெந்து வந்தேன்னா நீ ஓடிடு." அன்றிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அத்தை பின்னாலிருந்து முதுகைக் கிள்ளினாள். "ஆபீஸ்ல கூட வேலை பாத்தவங்கன்னு சொல்லுடி."

அப்பா தரையைப் பார்த்தார். தன் கல்யாணத்துக்காகத்தான் அவரும் மறைத்தார் என்பது மதுமதிக்குத் தெரியும்.

"அம்மாகூட கரண்ட் வச்சுக்கிட்டவங்க" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில கேன்சர். அவங்க அத ஒரு நாளும் மறைக்கல. குளிப்பாட்ட வர்றவங்க எல்லாரும் வாங்க."

வேட்டியை ஒதுக்கிப் பிடித்தாள்.

ராஜ்பாலா செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். அத்தை சொம்பை அவளிடம் நீட்டினாள்.

அனிருத்தின் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள்.